மூச்சு நீக்கி

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாடினவங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?”

போனில் இப்படிக் கேட்டவன் ஓர் இசையமைப்பாளரின் உதவியாளன். கேட்கப்பட்டவன் வாஷிங் மெஷின் மெக்கானிக். அந்த நேரம் பார்த்து அவன் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியிருந்ததால், காதில் விழுந்தது சரிதானா என்று அவனுக்கே சந்தேகம்.

“உடம்பா? அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. ஏன் கேக்குறீங்க?”

“நேத்து நீங்க அனுப்பின, மெருகு எதுவும் போடாத பச்சைக் குரல் இருக்குல்ல சார், ஒரு தடவைதான் கேட்டேன், அதுல ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் ஒரு சத்தம் வருது. மூச்சு இழுக்கிற சத்தம். எங்க அத்தைக்கு இப்படித்தான்...” அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். “சரி, அது எதுக்கு இப்ப. நீங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.”

“மைக் பழசு தம்பி. அதுல ஏதாவது கோளாறா இருக்கும். பாத்துட்டு வேற அனுப்புறேன்” என்று சொல்லி வைத்துவிட்டான் மெக்கானிக். முகம் சிவந்துபோயிற்று. பொண்டாட்டி பாட்டைக் கேட்டு நாலு நல்ல வார்த்தை சொல்வான் என்று பார்த்தால், நோய் விசாரிக்கிறானே!

மெக்கானிக்கை அவன் கூட்டாளிகள் ‘ஓசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான் என்பார்களே, பாட்டுப் பதிவு விஷயத்தில் அவன் அந்த ரகம். பதிவு செய்கிற மென்பொருள் ஓசி. குரலுக்கு மெருகேற்றும் குட்டிக் குட்டி பிளகின்கள், அத்தனையும் ஓசி. அந்த பிளகின்களில் இருக்கிற திருகுகளை எந்தப் பக்கம் எவ்வளவு திருக வேண்டும் என்று தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தெரிந்தவர்கள் முன்பே திருகி வைத்து, பிரீசெட் என்று பெயர் கொடுத்து இணையத்தில் சும்மா தருகிறார்கள். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் போதும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பெரியவர்கள் வாக்கு. ஓசி பல்லை மட்டுமல்ல, மாட்டையே பார்க்கவில்லை. ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் கட்டிவிட்டான்.

பாடுவது அவன் மனைவி. மழலையர் பள்ளியில் டீச்சர். பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்தாலும் சாயங்காலம் பாட உட்கார்ந்தால் அலுப்பே தெரியாது. படுக்கையறை அலமாரியைத் திறந்து, போர்வைகளையும் துணிகளையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்து அவள் நிற்பாள். கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல் மைக்கில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, அவன் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இருவர் காதிலும் ஹெட்ஃபோன். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, ஒயர் வழியாகக் குடித்தனம்.

அவன் பிடித்து வைத்திருந்த பிரீசெட்டுக்குப் பெயர் பட்டுக்குரல். அதைப் போட்டால் கரகரப்பு போகும், பிசகிய சுருதி தானாகப் போய்ச் சரியான இடத்தில் உட்காரும், கோயில் மண்டபத்தில் நின்று பாடுகிற மாதிரி ஒரு கார்வை வரும். எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தவை அதில் இருந்த இரண்டு சாமான்கள். ஒன்று ‘கேட்’, அதாவது வாசற்கதவு. ஒரு மட்டத்துக்குக் கீழே இருக்கிற சத்தம் எதுவும் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிடும். மற்றொன்று மூச்சு நீக்கி. பாடகர் வரிக்கு வரி மூச்சு இழுப்பார் இல்லையா, அதைத் தேடிப் பிடித்துத் துடைத்துவிடும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் பட்டுக்குரலைப் போட்டுவிடுவான். அதனால் பாடும்போதே அவள் காதிலும் அவன் காதிலும் பட்டுதான் கேட்கும். பச்சைக் குரலைக் கேட்பதும் பச்சை மாவைத் தின்பதும் ஒன்று என்பது அவன் கட்சி.

இப்படிச் செய்து இணையத்தில் ஏற்றிய ஒரு பாட்டைத்தான் அந்த இசையமைப்பாளர் எப்படியோ கேட்டிருக்கிறார். குரல் பிடித்துவிட்டது. “மேல எதுவும் போடாம, உரிச்ச கோழி மாதிரி அனுப்புங்க. இங்க நாங்க பாத்துக்குறோம்” என்று உதவியாளன் கேட்டிருந்தான். டீச்சர் அன்று முழுவதும் வீட்டுக்குள் மிதந்துகொண்டிருந்தாள். சினிமாவில் பாடுவது என்பது அவள் வெளியே சொல்லிக்கொள்ளாத ஆசை. ஓசி என்ன செய்தான்? பிளகின்களை எல்லாம் ஒரே தட்டில் அணைத்து, கோப்பை அனுப்பிவிட்டான். அனுப்பும் முன் ஒரு தடவை கேட்டானா? கேட்கவில்லை.

இப்போது குளியலறை வேலையை முடித்து, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். மனைவி பள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டி, அந்தப் பாட்டைத் திறந்து, பட்டுக்குரலை அணைத்துவிட்டு ஓடவிட்டான்.

முதலில் கேட்டது கிணற்றுக் கயிறு உருளையில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். நீளமாக, மெலிதாக, முடிவில் ஒரு சின்ன விசிலோடு. பிறகு அவள் பாடினாள். வரி முடிந்தது. மறுபடியும் அந்தச் சத்தம்.

மெக்கானிக் அல்லவா, முதலில் மெஷின்மேல்தான் சந்தேகம் வந்தது. ஒயரை மாற்றினான். மைக்கை மாற்ற முடியாது, ஆனால் அலமாரிக் கதவை ஆட்டிப் பார்த்தான், கீல் முனகவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயோ என்று சுவரில் காதை வைத்தான். மீண்டும் வந்து கேட்டான். குழாயும் கீலும் அவள் அடுத்த வரியைத் தொடங்கப்போகிறாள் என்று பார்த்துப் பார்த்தா சத்தம் போடும்? ஒவ்வொரு வரிக்கு முன்னாலும், பிசகாமல், அவள் வாய் திறக்கிற இடத்துக்குச் சரியாக முன்னால் அது வந்தது. உள்ளே போக வழியில்லாத காற்று, பிடிவாதமாக உள்ளே போகிற சத்தம்.



பழைய பாட்டுகளைத் திறந்தான். அவற்றின் பச்சைப் பதிவுகளும் கம்ப்யூட்டரிலேயே கிடந்தன. ஓசிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. முதன்முதலாகப் பாடியதில் மூச்சு மூச்சாக இருந்தது. சாதாரண மனுஷ மூச்சு. அதற்கு அடுத்ததிலும் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பாட்டில், மேலே போகிற வரிக்கு முன்னால் மட்டும், லேசாக ஒரு கீச்சு. அதற்கப்புறம் வந்ததில் இரண்டு மூன்று இடத்தில். அப்புறம் எல்லா வரியிலும். குழந்தை வளர்வதைப் படம் பிடித்து வைப்பார்களே, அதுபோல் இவன் தன் மனைவியின் தொண்டைக்குள் ஏதோ ஒன்று வளர்வதை ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறான்.

அதைவிடப் பெரிய இடி பிறகுதான் விழுந்தது. ஒவ்வொரு பாட்டிலும் கேட்டின் அளவு வேறு வேறாக இருந்தது. ஏன் என்று பார்த்தான். நினைவு வந்தது. திரையில் வரிக்கும் வரிக்கும் நடுவே சின்னச் சின்ன மேடுகளாக ஏதோ தெரியும். அது பெரிதாகிக்கொண்டே வந்ததால், சில இடங்களில் கேட்டையும் தாண்டி ஒரு துணுக்குச் சத்தம் எட்டிப் பார்த்தது. சனியன் பிடித்த மைக், பழசாகிக்கொண்டே வருகிறது என்று திட்டிக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் கேட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினவன் இவனேதான். தன் கையால். கேட்டைப் போட்டதால் கேட்காமல் போகவில்லை. கேட்கத் தொடங்கியபோதெல்லாம் கேட்டை இறுக்கியிருக்கிறான்.

ஹெட்ஃபோனைக் கழற்றினான். காதுக்கு மேலே வியர்த்திருந்தது. அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். அவள்தான். எத்தனையோ நாள் இதே நேரத்தில் அவன் இதே நாற்காலியில் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் எதிரே வந்து நின்று கையை ஆட்டினால்தான் நிமிர்வான். இன்று எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்துக் கேட்டான். காலடி ஏறியது. திருப்பத்தில் நின்றது. காலடி நின்ற பிறகு வேறொரு சத்தம் ஏறி வந்தது. சற்று முன் ஹெட்ஃபோனுக்குள் கேட்ட அதே கயிறும் உருளையும்.

“என்ன, வாசல்ல நிக்கிறீங்க?” பையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு முறை மூச்சு வாங்கினாள்.

“இந்த மூச்சு... இது எத்தனை நாளா?”

“எந்த மூச்சு? ஓ, இதுவா. படி ஏறினா வரும். பாடினா வரும். சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் இல்ல. சாக்பீஸ் தூசியா இருக்கும்.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லலை?” அவன் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் அவனை வேடிக்கையாகப் பார்த்தாள். “உங்ககிட்டயா? உங்ககிட்ட என்னத்தைச் சொல்றது? என் குரலை மணிக்கணக்கா காதுல மாட்டிட்டு உக்காந்திருக்கிறது நீங்கதானே. அடுத்த வீட்டு மெஷின்ல பேரிங் போனா, சுவத்துக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கிட்டே சொல்ற ஆளு. எனக்கு ஏதாவது இருந்தா எனக்கு முன்னாடி உங்களுக்குத்தானே தெரியும்? ஆரம்பத்துல எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலை. ஹெட்ஃபோன்ல எனக்கே நல்லாத்தான் கேட்டுச்சு. சரி, ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டேன்.”

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நான் கேக்கலைம்மா” என்றான்.

நம் பேச்சில் இந்த வார்த்தைக்கு இரண்டு பொருள். காதால் கேட்கவில்லை, வாயால் விசாரிக்கவில்லை. அவன் எதைச் சொன்னான் என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டும் உண்மைதான்.

உள்ளே வந்து, ஹெட்ஃபோனை அவளுக்கு மாட்டிவிட்டு, பச்சைக் குரலை ஓடவிட்டான். மறைத்து வைக்க வேண்டாம் என்று, உதவியாளன் போனில் விசாரித்ததையும் சொன்னான். அவள் முதல் வரி வரைக்கும் சாதாரணமாக நின்றாள். இரண்டாவது வரியில் கை தானாகத் தொண்டைக்குப் போனது. மூன்றாவதில் ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள்.

“இது நானா?”

அவன் தலையை ஆட்டினான்.

“அந்தப் பையன் இதை எத்தனை தடவை கேட்டானாம்?”

“ஒரே ஒரு தடவை.”

அவள் அதற்கப்புறம் அன்றைக்கு அவனோடு பேசவில்லை. மூச்சுக்கு முந்நூறு தடவை ‘ஏங்க, ஏங்க’ என்று கூப்பிடுகிறவள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காது மூக்குத் தொண்டை மருத்துவர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், வேகமாக மூச்சு இழுக்கச் சொல்லிக் கேட்டார், படம் எடுத்து வரச் சொன்னார். “இந்தச் சத்தம் எப்போ ஆரம்பிச்சது?” என்று கேட்டார். யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. ஓசி தன் போனை எடுத்து, அதில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த பச்சைப் பதிவுகளை வரிசையாகப் போட்டுக் காட்டினான். மருத்துவர் கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இவ்வளவு தெளிவா வச்சிருக்கீங்க. ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?”

பதிலை அவள் சொன்னாள். “அவருக்கு இது கேக்காது டாக்டர். வீட்ல ஒரு மெஷின் இருக்கு.” மருத்துவருக்குப் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது.

கழுத்துக்குள் ஒரு கட்டி. வெளியே தெரியாமல் உள்பக்கமாக, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி வளர்ந்து மூச்சுக்குழாயை ஓரம் கட்டி அமுக்கிக்கொண்டிருந்தது. படத்தில் விரல் வைத்துக் காட்டினார் மருத்துவர். கறுப்புக் குழாய் மேலிருந்து வந்து, ஓரிடத்தில் ஜூஸ் குடிக்கிற குழல் அளவுக்குச் சப்பையாகியிருந்தது. “கெட்ட கட்டி மாதிரி தெரியலை. ஆனா இதை இப்படியே விட்டா, ஒரு சாதாரண சளி பிடிச்சாப் போதும், வழி அடைச்சிடும். உடனே எடுக்கணும்.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “நீங்க பாடுறவங்களா? குரலுக்குப் போற நரம்பு அது பக்கத்துலயே ஓடுது. முடிஞ்ச வரைக்கும் காப்பாத்துவோம். மேல் ஸ்தாயி பழைய மாதிரி வரும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது” என்றார்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மூச்சு வருமில்ல?” என்று மட்டும் கேட்டாள்.

அறுவை நடந்த காலையில் அவன் ஆஸ்பத்திரி நடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே அவளை மயக்கத்தில் போட்டிருந்தார்கள். பேச்சும் இல்லை, மூச்சையும் ஒரு மெஷின்தான் விட்டுக்கொண்டிருக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போன் சிணுங்கியது. யாரோ விசாரிக்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்தான். பட்டுக்குரல்காரர்கள் அனுப்பிய மின்னஞ்சல். புதிய மூச்சு நீக்கி வந்துவிட்டதாம், முன்னைவிட இரண்டு மடங்கு சக்தியாம், முற்றிலும் இலவசமாம். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘இனி உங்கள் பாடகரின் மூச்சே கேட்காது!’

போனை அப்படியே தரையில் நழுவவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பதறிப்போய், “என்னப்பா, கெட்ட செய்தியா?” என்றார். இல்லை என்று சொல்ல வாய் திறந்தான், அழுகைதான் வந்தது. ஊரார் பார்க்க, வெட்கமில்லாமல், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த விளம்பரத்தை எழுதியவன்மேல் அவனுக்குக் கோபமில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் அதை முதல் ஆளாக இறக்கியிருப்பவன் தான்தான் என்பது அவனுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அவளைப் பார்க்க விட்டார்கள். கழுத்தில் கட்டுப் போட்டு, கண் மூடிக் கிடந்தாள். அவன் குனிந்து கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. கயிறு இல்லை, உருளை இல்லை, விசில் இல்லை. பட்டுப் போல நிசப்தம். இத்தனை நாள் அவனை ஏமாற்றிய நிசப்தம் இதேதானே! விரலை அவள் மூக்குக்குக் கீழே நீட்டினான். இளஞ்சூடாகக் காற்று பட்டது, போயிற்று, மறுபடியும் பட்டது. நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லும்வரை விரலை எடுக்கவில்லை.

சினிமாப் பாட்டை வேறொருத்தி பாடிவிட்டாள். காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. அதைச் சொல்லப் போன் செய்த உதவியாளன், “அக்கா இப்ப எப்படி இருக்காங்க?” என்றுதான் ஆரம்பித்தான். பிறகும் இரண்டு முறை விசாரித்தான். அவன் அத்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஓசிக்குத் தைரியம் வரவில்லை.

காயம் ஆறி, பேசலாம் என்று மருத்துவர் சொல்லி, பாடிப் பார்க்கலாம் என்றும் சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் தானாகவே அலமாரியைத் திறந்து போர்வைகளைத் தொங்கவிட்டாள். அவன் முன்னறைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரைப் படுக்கையறைக்கே தூக்கிக்கொண்டு வந்து, அவளுக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்தான்.

“விசிறி இரைச்சல் மைக்ல ஏறுமே” என்றாள். குரல் முன்னைவிடத் தடித்திருந்தது.

“ஏறட்டும்.”

“பட்டு போடலையா?”

“போடலை.”

ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான், காதில் மாட்டவில்லை. பதிவு பொத்தானை அழுத்தினான். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். அவனும் கூடவே இழுத்தான். அவள் பாடினாள். மேலே போகிற இடத்தில் குரல் எட்டவில்லை. பாதி வழியில் உடைந்து, கீழே இறங்கி, வேறொரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. முடிக்கும்வரை பாடிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

“எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லுங்க.”

“மூச்சு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஒரு இடத்துல கூடக் கீச்சு இல்ல. ரெண்டாவது சரணத்துல நீளமா ஒண்ணு இழுத்தே பாரு, அப்படியே தண்ணி மாதிரி போச்சு.”

“அது சரி. பாட்டு?”

அவன் விழித்தான். எவ்வளவோ யோசித்துப் பார்த்தான்.

“பாட்டை நான் கேக்கலையே” என்றான்.